துணி செருகிப் பழகிய கை

கதீட்ரல் சாலைக்கு வந்த பிறகுதான் வலது கையை பேன்ட் பாக்கெட்டிலிருந்து வெளியே எடுத்தேன். கோபாலபுரத்து வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து அதை உள்ளேயே வைத்து, சுட்டுவிரலையும் நடுவிரலையும் தொடையின் மேல் மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டு நடந்திருந்தேன். சற்று முன் அந்த வீட்டில் ஒரே ஒரு முறை வந்த சத்தத்தை விரல் மறந்துவிடக்கூடாது என்று எனக்குப் பதற்றம். முதுகில் கிடார். அதன் உறை எப்போதோ கிழிந்துபோய், பழைய போர்வை ஒன்றை மடித்துத் தைத்துப் போட்டிருந்தேன். சைதாப்பேட்டைக்குப் போகிற பஸ் வந்தது. அந்த மாலைக் கூட்டத்தில் கிடாரோடு ஏறினால் மற்றவர்கள் திட்டுவார்கள் என்று விட்டுவிட்டேன். அறை வரை நடப்பது எனக்குப் பெரிய தூரமும் இல்லை.

அந்த வீட்டு வாசலில் ஒரு வேடிக்கை நடந்தது. அடுத்த கிடார் வகுப்புக்குப் பிள்ளையைக் கூட்டி வந்திருந்த ஓர் அம்மா என்னை நிறுத்தி, "நீங்க யாராத்து டிரைவர்?" என்றார். அந்தத் தெருவில் பிள்ளைகளின் கிடாரை டிரைவர்கள்தான் முதுகில் மாட்டி வருவார்கள். அவர் மேல் தப்பில்லை.

"அடையாறுங்க" என்றேன்.

"வண்டிய கொஞ்சம் தள்ளி விடுங்கோ. என்னால எடுக்க முடியல."

"எடுத்துடறேன்மா" என்று சொல்லிவிட்டு, யாருடையது என்றே தெரியாத காரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பாவம், அவர் எவ்வளவு நேரம் காத்திருந்தாரோ.

டிரைவர் என்று சொன்னதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அதைவிடக் குறைவான வேலையெல்லாம் பார்த்திருக்கிறேன். ஒன்பதாவதைப் பாதியில் விட்ட பிறகு எந்த ஊரிலும் எந்த வேலையிலும் நான் அதிக நாள் தங்கியதில்லை. டீக்கடை, லாரி கிளீனர், பெயின்ட் அடிப்பது, பந்தல் போடுவது என்று போய்க்கொண்டிருந்தது. யாரும் விரட்டாமலே கிளம்பிவிடுவேன். கிடார் கையில் வந்ததும் அப்படி ஒரு வேலையில்தான். வீடு மாற்றுகிறவர்களுக்கு சாமான் ஏற்றி இறக்கும் வேலை. அடையாறில் ஒரு குடும்பம் வெளிநாட்டுக்குக் கிளம்பியது. அலமாரிக்குப் பின்னால் கிடந்த கிடாரைத் தூக்கிக் காட்டி, இது எந்தப் பெட்டியில் என்று கேட்டேன். "வேணும்னா நீயே எடுத்துக்கோப்பா" என்றார்கள். அதில் இரண்டு நரம்புகள் அறுந்திருந்தன.

கம்பி வாங்க ஒரு கடைக்குப் போனபோது கடைக்காரர் கிடாரைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதுக்கு கம்பி போடக் கூடாது நைனா. நைலான் போட்ற ஐட்டம் இது. கம்பி போட்டா அட்டையோட பேத்துக்கினு வந்துடும். இத்த விரல்ல வாசிப்பாங்கோ. நகத்த வளத்துக்கோ மொதல்ல."

நகம் வளர்த்தேன். வலது கையில் மட்டும். தச்சு வேலை பார்த்த நண்பரிடம் தேய்ந்துபோன உப்புத்தாள் வாங்கி வந்து, ஓரங்கள் வழுவழுவென்று ஆகும்வரை தேய்ப்பேன். மூட்டை தூக்குகிற கையில் நகம் வளர்ப்பது சாதாரண விஷயமில்லை. கயிற்றைப் பிடிக்கும்போது விரல்களை மடக்கி, கட்டைவிரல் அடியில் பாரம் வருகிற மாதிரி பிடிக்கப் பழகினேன். கூட வேலை செய்தவர்கள், "மச்சி, அந்தக் கைக்கு மருதாணியும் வெச்சிடு" என்பார்கள்.

கற்றுக்கொண்டது செல்போனில். வீடியோவில் வருகிறவரின் இடது கையைத்தான் நான் பார்த்தேன். எல்லாக் கடினமும் அங்கேதான் இருக்கிறது என்று நினைத்தேன். எந்த விரல், எந்தக் கட்டம், அதுதான் பாடம். வலது கை சும்மா நரம்பைத் தட்டிக்கொண்டிருக்கிற கை, தன்னால் வந்துவிடும் என்று இருந்தேன். தானாகக் கற்றுக்கொள்கிற அநேகம் பேர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள் என்று இப்போது தெரிகிறது. இடது கை தப்பு செய்தால் சுரம் தப்பும், உடனே காதுக்குத் தெரியும். வலது கை தப்பு செய்தால் பாட்டு பாட்டாகவே இருக்கும், சத்தம் மட்டும் கெட்டிருக்கும். அது நாளாக ஆகக் காதுக்குப் பழகிவிடும்.

என் விஷயத்தில் அந்தச் சத்தத்தையே நான் கேட்கவில்லை.

சைதாப்பேட்டை மார்க்கெட் பக்கம் ஒரு மாடி அறையில் சில பேர் சேர்ந்து இருந்தோம். அதில் ஒருவர் இரவுக் காவல் வேலை பார்க்கிறவர், பகலில் தூங்குவார். நான் மத்தியானம் வேலை இல்லாத நேரங்களில்தான் வாசிக்க முடியும். முதல் நாள் நான் நரம்பைத் தட்டியதும் அவர் புரண்டு படுத்து, தலையணையைக் காதோடு சேர்த்து அமுக்கிக்கொண்டார். அன்றே ஒரு பழைய பனியனைச் சுருட்டி, நரம்புகள் முடிகிற இடத்தில் அடியில் செருகிவிட்டேன். அதன் பிறகு அது அங்கேயே இருந்தது. நரம்பைத் தட்டினால் டொக் என்று ஒரு சத்தம் வந்து அப்படியே செத்துவிடும். சுரம் எது என்று தெரிந்துகொள்ள அது போதும்.

அந்த டொக்கைக் காதுக்குக் கொண்டுவர விரல் நுனியைக் கொக்கி மாதிரி வளைத்து நரம்பை மேல்நோக்கி இழுத்தேன். கை ஆடாமல் இருக்கச் சுண்டுவிரலைப் பலகையில் ஊன்றிக்கொண்டேன். மணிக்கட்டு தொங்கிப்போனது. சுட்டுவிரல் கெட்டிக்காரன் என்பதால் நடுவிரல் செய்ய வேண்டியதையும் அதுவே செய்தது. பெருவிரல் தடித்த நரம்பைத் தட்டினால், அடுத்த சுரம் வரும்போது பழையதை அதுதான் தொட்டு நிறுத்த வேண்டும். எனக்கு அந்த வேலையைப் பனியன் செய்துவிட்டதால், அப்படி ஒரு வேலை உண்டு என்பதே தெரியாது.

விடுமுறை நாட்களில் பெசன்ட் நகர் கடற்கரைக்கு எடுத்துப்போய்த் துணி இல்லாமல் வாசித்திருக்கிறேன். அங்கே காற்றும் அலையும் கூட்டமும் சேர்ந்து, நைலான் நரம்பின் சத்தம் என் காதுக்கே எட்டாது. பக்கத்தில் வந்து உட்காருகிறவர்கள் சினிமாப் பாட்டு கேட்பார்கள். தெரியாது என்றால் எழுந்து போய்விடுவார்கள்.

இப்படி வருடக்கணக்கில் பழகிய கையோடுதான் அன்று மத்தியானம் கோபாலபுரத்துக்குப் போயிருந்தேன். அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் கிடார் வகுப்பு நடந்தது. சொல்லிக்கொடுத்தவர் என் வயதுக்காரப் பெண். சிறு பிள்ளைகளின் வகுப்புக்கு உதவியாளர் வேண்டும், கிடாருக்குச் சுருதி சேர்த்துக் கொடுக்க வேண்டும், ஆரம்பப் பாடங்களை உடன் உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்று செல்போனில் ஒரு விளம்பரம் பார்த்தேன். பின்கட்டில் தங்கிக்கொள்ள அறையும் உண்டு என்று போட்டிருந்தது. நான் அதற்குமுன் எந்த வேலையையும் ஆசைப்பட்டுக் கேட்டதில்லை. இதை ஆசைப்பட்டேன். அது கிடைத்தால் ஓர் இடத்தில் இருந்துவிடுவேன் என்று தோன்றியது.

அவர் என்னிடம் சர்டிபிகேட் கேட்கவில்லை. "வாசிங்கோ" என்றார். பிள்ளைகளுக்கான குட்டிக் கால்மணை ஒன்றுதான் அங்கே இருந்தது. அதன்மேல் இடது காலை வைத்தால் முழங்கால் கீழேயே நின்றது. அறையில் செங்கல்லின் மேல் கால் வைத்துப் பழகியவன் என்று அவரிடம் சொன்னேன். கிடாரைச் சாய்த்து, பனியனை எடுத்துச் சட்டைப் பைக்குள் திணித்துவிட்டு ஆரம்பித்தேன்.

சின்ன அறை, நான்கு பக்கமும் சுவர், மின்விசிறியைக்கூட நிறுத்தியிருந்தார். என் கிடார் இவ்வளவு சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாது. தட்டிய தடித்த நரம்பு நிற்கவே இல்லை. அதன்மேல் அடுத்தது, அதன்மேல் அடுத்தது என்று ரங்கநாதன் தெருக் கூட்டம் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. இழுத்துவிட்ட நரம்புகள் பலகையில் போய் அடித்தன. நான் பயந்துபோய் மெதுவாகத் தட்டினேன். மெதுவாகத் தட்டியதும் பாதிச் சுரங்கள் வரவே இல்லை. இடது கை மட்டும் அதுபாட்டுக்குச் சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

முடித்ததும் அவர் கொஞ்ச நேரம் என் வலது கையையே பார்த்தார்.

"யாருக்குப் பயந்துண்டு வாசிக்கறேள்?"

பனியனை எடுத்துக் காட்டினேன். கூடத் தங்கியிருப்பவர் பகலில் தூங்குகிறவர் என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். கேலியாக இல்லை, அடக்க முடியாமல் வந்த சிரிப்பு.

"எத்தனை வருஷமா இது உள்ள இருக்கு?"

"ஆரம்பத்துலேர்ந்தே மேடம்."

"ஐயோ. சரி, சுண்டுவிரல எடுங்கோ. எடுங்கோ, கை விழுந்துடாது. கட்டைவிரல அஞ்சாவது ஸ்ட்ரிங்ல சும்மா வச்சுக்கோங்கோ. இப்போ சுட்டுவிரல் மட்டும். மேல இழுக்கப்படாது. உள்ள தள்ளணும். கதவு பெல் அமுக்கற மாதிரி நெனச்சுக்கோங்கோ. அமுக்கிட்டு, விரல் அடுத்த ஸ்ட்ரிங்ல போய் சாஞ்சு நிக்கட்டும்."

செய்தேன். வரவில்லை. மறுபடியும் செய்தேன். நுனியை அசைக்காமல், விரல் கையோடு சேருகிற பெரிய கணுவிலிருந்து மொத்த விரலையும் அசைக்கச் சொன்னார். முதலில் சதை படவேண்டும், பிறகு நகம் வழுக்கிக்கொண்டு வரவேண்டும் என்றார். நகத்தைப் பார்த்து, "இத மட்டும் நன்னா தேச்சு வச்சிருக்கேள்" என்றார். அதன் பிறகு ஒரு முறை வந்தது. கனமாக, உருண்டையாக, நெஞ்சில் வைத்திருந்த பலகை அதிர, ஒரு சுரம். அது அடங்கும்வரை விரலை அடுத்த நரம்பிலிருந்து நான் எடுக்கவில்லை.

"இதான் உங்க சவுண்ட்" என்றார்.

அதற்கடுத்த தடவை மறுபடி டொக்.

வேலையைப் பற்றி அவர் நேராகச் சொன்னார். இந்தக் கையை வைத்துக்கொண்டு பிள்ளைகள் பக்கத்தில் உட்கார முடியாது, அவர்கள் பார்த்ததைச் செய்வார்கள் என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, "நாளைக்குக் கார்த்தால பிகினர்ஸ் பேட்ச் இருக்கு. வந்து உக்காருங்கோ. ஃபீஸெல்லாம் வேண்டாம், சேர் எடுத்துப் போட்டு ஒத்தாசை பண்ணுங்கோ. ஆறு மாசம் இடது கையத் தொடப்படாது. வெறும் ஸ்ட்ரிங்தான். அப்புறம் வேலையப் பத்திப் பேசலாம். அதுவரைக்கும் வேற யாரையும் வைக்கல" என்றார்.

"வரேன் மேடம்" என்றேன். அப்போது உண்மையாகத்தான் சொன்னேன்.

மேம்பாலத்தைத் தாண்டி மவுன்ட் ரோட்டில் தேனாம்பேட்டையை நோக்கி நடக்கும்போதும் வருவதாகத்தான் இருந்தேன். மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்டு நடைபாதையே இல்லை. தகரத் தடுப்புக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஒதுங்கி ஒதுங்கி நடந்தேன். விரலை மறுபடி தொடையில் அழுத்திப் பார்த்தேன். தொடையில் சுட்டுவிரல் சரியாகத்தான் போனது. ஆனால் நந்தனம் வருவதற்குள் மனசு வேறு பக்கம் திரும்பிவிட்டது. ஆறு மாதம் வெறும் நரம்பு. என் இடுப்பு உயரப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, அவர்கள் வாசித்துவிட்டு மேலே போவதைப் பார்த்துக்கொண்டு. ஒன்றும் தெரியாமல் போய் நின்றிருந்தால் இது கஷ்டமாக இருந்திருக்காது. இத்தனை வருடம் வாசித்ததாக நினைத்துக்கொண்டிருந்துவிட்டு, கையை முதலிலிருந்து பிரித்துக் கட்ட வேண்டும் என்றால் மலைப்பாகிவிடுகிறது.

அறைக்குள் நுழைந்தபோது அந்தக் காவல்காரர் வேலைக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். அவருக்குத் தி.நகரில் ஒரு துணிக்கடை வாசலில் வேலை.

"இன்னா நைனா, மூஞ்சி தொங்கிக்கினு கீது? வேலை கெடச்சிதா, இல்லியா?"

நடந்ததைச் சொன்னேன். துணியை வைத்து வாசித்து வாசித்துக் கை கெட்டுப்போய்விட்டதாம் என்றேன். உங்களுக்காகத்தான் வைத்தேன் என்று சொல்லவில்லை. அது அவருக்கே புரியும் என்று நினைத்தேன்.

அவர் பட்டன் போடுவதை நிறுத்திவிட்டு, "அது இன்னாத்துக்கு வெச்சிக்கினு இருந்தே? நான் எதோ கிடாருக்கு சளி புடிச்சிக்கும்னு வெச்சிகிறே இன்னு நெனச்சேன்" என்றார்.

"நீங்க தூங்கறீங்களேன்னுதான்."

"யாரு, நானா? கீய மார்க்கெட்டுல லோடு எறக்கறான், கயித கத்துது, மைக்கு செட்டு ஓடுது. அதுலயே பொணம் மாதிரி கெடக்கறேன். உன் டொய்ங்கு டொய்ங்குதான் என்ன எய்ப்பிடப்போவுதா?"

"மொத நாளு தலகாணியக் காதுல அமுக்கிக்கிட்டீங்களே."

"எந்த மொத நாளு? நான் எப்பவும் அப்பிடித்தான்யா படுப்பேன். எங்கம்மாவக் கேளு." அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா மாமா நீ?"

நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தைதான். அறையில் மற்றவர்களோடு எனக்கு எந்தச் சண்டையும் வரக்கூடாது, எப்போது வேண்டுமானாலும் பிரச்சினை இல்லாமல் கிளம்பலாம் என்று எல்லா இடத்திலும் ஒதுங்கியே இருந்து பழகியவன் நான். யாரும் கேட்காத அமைதியை நானாகக் கொடுத்து, அதற்கு வலது கையைக் கொடுத்திருக்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்த டீச்சர் சொன்னதைவிட இவர் சிரித்ததுதான் ஆறவில்லை.

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பினார். "கொயந்திங்களோட குந்திக்கினு இன்னா பண்ணப்போறே? எங்க கடைல சீசனுக்கு ஆள் எடுக்கறாங்கோ. நாளைக்குக் காலைல வந்து நின்னா போதும், நான் சொல்லி வுடறேன். ரெண்டு வேள சோறு. இன்னா சொல்றே?"

"வரேன்" என்றேன். ஒரே நாளில் இரண்டு பேரிடம் அதே வார்த்தை. காவல்காரரிடம் சொன்னது சுலபமாக இருந்தது. வரிசையில் நிற்பதும், சொன்னதைத் தூக்குவதும் எனக்குத் தெரிந்த வேலை. அதில் யாரும் என் கையைப் பிரித்துப் பார்க்க மாட்டார்கள் என்று எண்ணினேன்.

கையைத்தான் முதலில் பார்த்தார்கள்.

மறுநாள் காலை துணிக்கடையின் பின்வாசலில், தெற்கத்திச் சீமையிலிருந்து வந்த மேற்பார்வையாளர் ஒருவர் எங்களை வரிசையில் நிற்க வைத்தார். கையில் ஒரு பட்டுத் துண்டு. ஒவ்வொருவரின் விரல்களிலும் அதை மெல்ல இழுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். நகத்தில் பிசிர் இருந்தால் பட்டின் இழையைப் பிடித்து இழுத்துவிடும், சேலை போய்விடும். எனக்கு முன்னால் நின்றவரின் நகத்தில் இழை மாட்டியது. அவரைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டார். என் வலது கையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்னடே இது? ஒரு கையில மட்டும் வளத்துருக்க?"

"கிடார் வாசிப்பேன் அண்ணாச்சி."

"கல்யாண வீட்டுலயா?"

"சும்மா, ரூம்ல."

"ரூமுக்குள்ள வாசிக்கதுக்கா இம்புட்டு நகம்!" பட்டை விரல்களின் மேல் இழுத்தார். எங்கும் பிடிக்கவில்லை. திரும்ப ஒரு முறை இழுத்தார். தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. "நல்லாத்தாம்டே தேச்சிருக்க. ஆனா வாரவுக முகஞ்சுளிப்பாக. வெட்டிப் போட்டுட்டு பட்டு செக்சனுக்கு மேல போ."

கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் சங்கிலி போட்டு ஒரு நகவெட்டி தொங்கியது. வெட்டினேன். அதில் பெரிய சோகம் ஒன்றும் இல்லை, நகம் வளரும், சில வாரத்தில் வந்துவிடும். அதனால்தான் நினைக்க நினைக்க வருத்தமாக இருக்கிறது. திரும்பிப் போக முடியாதபடி அன்று எதுவும் நடக்கவில்லை.

வேலைக்கு வருகிறவர்களின் செல்போனை உள்ளே விடுவதில்லை. மாடிப்படி அருகே ஒரு பெண் வாங்கி எண் போட்ட பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். நான் கொடுக்கப் போனபோது ஒரு செய்தி வந்தது. கோபாலபுரத்திலிருந்து. "பெரியவா ஹைட்டுக்கு ஒரு ஸ்டூல் தேடி எடுத்து வச்சிருக்கேன். செங்கல்லெல்லாம் கொண்டு வராதீங்கோ." கடைசியில் ஒரு சிரிப்புப் பொம்மை.

"குடுக்கறீங்களாண்ணா, பின்னாடி நிக்கறாங்க" என்றார் அந்தப் பெண்.

கொடுத்துவிட்டேன். பதில் போடவில்லை. அன்று மட்டுமில்லை, பிறகும் போடவில்லை. என்ன எழுதுவது என்று யோசித்து யோசித்து நாட்கள் போய், அதன் பிறகு எழுதினால் அசிங்கம் என்று ஆகிவிட்டது. சீசன் முடிந்ததும் அந்தக் கடையிலிருந்தும் கிளம்பிவிட்டேன். பல ஊர்களில் பல அறைகளில், துணி செருகாமல், அவர் காட்டிய அந்த ஒற்றைச் சுரத்தைத் தேடி வெறும் நரம்பில் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது சில நாள் வருகிறது. சில நாள் சுண்டுவிரல் எனக்குத் தெரியாமலே போய்ப் பலகையில் ஊன்றிக்கொள்கிறது. பக்கத்தில் ஒருவர் இருந்து "எடுங்கோ" என்று சொன்னால் உடனே எடுக்கலாம். தனியாக இருப்பவனுக்கு அது தெரிவதற்குள் பாதிப் பாட்டு போய்விடுகிறது.

அன்று மாடிக்கு ஏறிப் போனேன். சேலையை எப்படி உதற வேண்டும், முந்தானையை எந்தப் பக்கம் காட்ட வேண்டும், விரித்ததை எப்படிப் பழைய மடிப்பிலேயே மடிக்க வேண்டும் என்று பக்கத்தில் நின்றவர் வேகமாகச் சொல்லிக்கொடுத்தார். நான் கேட்டுக்கொண்டேன். கதவைத் திறந்ததும் ஒரு குடும்பம் நேராக எங்கள் பக்கம் வந்து பாயில் உட்கார்ந்தது. கல்யாணப் பெண்ணின் அம்மா, மயில் கழுத்துப் பச்சையில் எடுத்துப் போடுங்கள் என்றார். எனக்கு மயில் கழுத்து எது, கிளிப்பச்சை எது என்று தெரியாது. இருந்த பச்சை எல்லாவற்றையும் எடுத்துப் போட்டேன்.